ஏழாவது பலகை

அத்தியாயம் 14

இறந்துபோன கணவர் கிளிஃபர்டின் சட்டைகளை எடுத்துக் கொடுக்க நார்மாவுக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது. காலணிகளுக்குக் கால் மணி. மாடி அறையில் இருந்த ரயிலுக்கு மட்டும் ஏழு மாதம் ஆயிற்று.

வீடு விற்றாகிவிட்டது. புதன்கிழமை சாவியை ஒப்படைக்க வேண்டும். மகள் ஜெனின் பார்த்துவைத்திருக்கும் ஃபிளாட்டில் ஒரு கட்டில், ஒரு சோபா, நார்மா, இவ்வளவுதான் கொள்ளும். மேலே இருப்பதை என்ன செய்வது என்று ஜெனின் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் நார்மா தேநீர் போட எழுந்து போய்விட்டாள். கடைசியில் போன வாரம் டாட்டர்ஸால் போன் செய்து, “ஆள் கிடைச்சாச்சு நார்மா” என்றார்.

வட இங்கிலாந்தில் பர்ன்லியைச் சுற்றி, ரயிலையும் ஸ்டேஷனையும் சிற்றளவில் கட்டி ஓட்டுகிறவர்களின் மாதிரி ரயில் மன்றங்கள் சேர்ந்து ஒரு செய்திமடல் நடத்துகின்றன. அதில் ‘வீடு தேடும் ரயில்கள்’ என்று ஒரு பக்கம் வரும். பதினொரு வருடமாக அந்தப் பக்கத்தைக் கவனிப்பவர் டெஸ்மண்ட் டாட்டர்ஸால். கட்டியவர் கண்ணை மூடிவிட்ட ரயில், முழங்கால் வலியால் பாதியில் நின்ற ரயில், வீட்டுக்காரி பொறுமை இழந்த ரயில் என்று எல்லாவற்றுக்கும், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற அக்கறையோடு வீடு தேடுவார். அவருக்கு ஒரே நிபந்தனைதான், பிரிக்கக் கூடாது. எஞ்சின் ஒருவருக்கு, ஸ்டேஷன் ஒருவருக்கு என்று கூறு போடுவதைக் கேட்டாலே அவர் காது சிவந்துவிடும்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, தூறலில், ஒரு வெள்ளை வேன் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் கிளெனிஸ் பாரி. வேல்ஸில் உள்ள ரெக்ஸம் ஊர்க்காரி. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள்.

“படி குறுகலா இருக்கே,” என்றார் பின்னாலேயே வந்த டாட்டர்ஸால்.

“நான் ரெட்டை மாடி பஸ்ஸையே சந்துக்குள்ள திருப்பினவ. இது ஒரு படியா? நகருங்க கண்ணு,” என்று அவரை ஓரம் கட்டிவிட்டு மேலே ஏறினாள் கிளெனிஸ்.

மாடி அறைக் கதவை நார்மாதான் திறந்தாள். உதவிக்கு வந்திருந்த ஜெனின் பக்கத்தில் நின்றாள்.

நான்கடி நீளத்தில் ஆறு பலகைகள். அவற்றின் மேல் கிளஃப் லேன் ஸ்டேஷன், 1957ஆம் வருடம். பிளாட்பாரம் முடிந்திருந்தது. சிக்னல் அறை முடிந்திருந்தது. மலைக்கு மட்டும் புல் இல்லை. கம்பி வலையும் பழைய செய்தித்தாளும் அப்படியே வெளியே தெரிந்தன.

நிஜமான கிளஃப் லேன் ஸ்டேஷனை இடித்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது. 1957இல் கிளிஃபர்டுக்குப் பதினோரு வயது. அந்தப் பிளாட்பாரத்தில் நோட்டும் பென்சிலுமாக நின்று எஞ்சின் எண்களைக் குறித்தவர், மனதளவில் அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு பிறந்த எதையும் தன் ரயிலில் அவர் அனுமதித்ததில்லை. ஒரு பிறந்தநாளுக்கு ஜெனின் ஆசையாக ஓர் எஞ்சின் வாங்கித் தந்தாள். அது 1959இல் வந்த ரகம். “ரொம்ப அழகா இருக்கும்மா” என்றார், பெட்டியை மூடி அலமாரியில் வைத்தார், அதோடு சரி. மன்றத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆளுக்கு ஒரு வருடம் உண்டு. கல்யாண தேதி மறந்தாலும் அது மறக்காது.

“உங்க வருஷம் என்ன மிஸஸ் பாரி?” என்று டாட்டர்ஸால் குறிப்பேட்டைத் திறந்தார். பெண் கேட்டு வந்தவரிடம் சம்பளம் கேட்பது போன்ற குரல்.

“எனக்கு வருஷமே கிடையாது. என் கராஜ்ல கைக்கு வந்தது ஓடும். நீராவி எஞ்சினுக்குப் பின்னாடி போன வருஷத்து ரயில் வந்தா, ரெண்டும் அடிச்சுக்கவா போகுது?”

டாட்டர்ஸால் கசப்பு மருந்து குடித்தவர் போல விழுங்கிக்கொண்டார். ஆனாலும் எழுதிக்கொண்டார். பதினான்கு வாரம் விளம்பரம் போட்டு வந்த ஒரே ஆள் இவள்தான்.

பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். ஒரு பலகையின் முனையில் இரண்டு பித்தளை முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த பலகையின் முனையில் அவை போய் உட்கார, பித்தளை பதித்த இரண்டு துளைகள். இரண்டு பலகைகளையும் சேர்த்து இறுக்கி, இரண்டுக்குமாக ஒரே தடவையில் துளை போடுவது கிளிஃபர்டின் பழக்கம். அதனால் ஒரு பலகை தன் ஜோடியோடு மயிரிழை பிசகாமல் சேரும், வேறு எதனோடும் சேராது. கழற்றும்போது ஒவ்வொன்றும் ‘டொக்’ என்று ஒரு சத்தம் போட்டது.

ஐந்து பலகைகள் படியிறங்கி வேனுக்குள் போயின. ஆறாவதைத் தூக்கக் குனிந்த டாட்டர்ஸால் அப்படியே நின்றுவிட்டார்.

ரயில் பாதை முடிகிற அந்த முனையைப் பச்சை வண்ணம் பூசிய ஒரு சட்டம் மூடியிருந்தது. அதன் நான்கு திருகுகளையும் அவர் கட்டை விரலால் தடவினார்.

“இதைப் பாருங்க. மத்த திருகெல்லாம் பெயிண்ட்ல மூழ்கிக் கிடக்கு. இது நாலும் தேஞ்சு பளபளன்னு இருக்கு. யாரோ அடிக்கடி கழட்டியிருக்காங்க.”

“விடுங்க டெஸ், நேரமாச்சு,” என்றாள் நார்மா.

அவர் விடவில்லை. திருப்புளியை எடுத்து நான்கையும் கழற்றினார். சட்டம் கையோடு வந்தது. உள்ளே இரண்டு பித்தளை முளைகள், நேற்று வாங்கி வந்தவை போல மின்னின. அவற்றின் இடைவெளியை டேப்பில் அளந்து பார்த்தார்.

“முளை இருக்குன்னா அதுக்கு ஜோடி இருக்கணும்,” என்றார் டாட்டர்ஸால். “ஏழாவது பலகை எங்க நார்மா?”

“ஆறுதான். எப்பவும் ஆறுதான்.”

சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தப் பொய் அவள் வாயில் பழகிப்போன பொய். இவ்வளவு காலம் யாரும் கேட்காததால் அதற்கு வேலை இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஜெனின் அந்தச் சட்டத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மறைந்திருந்த பக்கத்தில் பென்சில் எழுத்து. வரிசையாக, ஒன்றின் கீழ் ஒன்றாக.

“அம்மா, இங்க வா.”

“என்னடி?”

“எல்லாம் ஒரே தேதி. அக்டோபர் பன்னிரண்டு. வருஷா வருஷம் அக்டோபர் பன்னிரண்டு, ‘மெருகிட்டது’ன்னு எழுதியிருக்கு. அப்பா கையெழுத்து.”

நார்மா வந்து பார்த்தாள். எண்ணினாள். பத்தொன்பது வரிகள். முதல் வரி நறுக்கென்று இருந்தது. கடைசி வரியில், போன வருடத்தில், எழுத்து நடுங்கியிருந்தது.

அக்டோபர் பன்னிரண்டு மகன் ரஸ்ஸலின் பிறந்த நாள். நாளைக்கு அவனுக்கு நாற்பத்தொன்று.

நார்மா பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

கிளெனிஸ் பாரிக்கு ஆள் முகம் பார்த்துப் பழக்கம். “டாட்டர்ஸால், வாங்க, வேன்ல கயிறு கட்டலாம்,” என்றாள்.

“கட்டியாச்சே.”

“இன்னொரு தடவை கட்டலாம் வாங்க.”

அவர்கள் இறங்கிப்போகும் சத்தம் அடங்கியதும் நார்மா ஆரம்பித்தாள்.

“ஏழாவது ஒண்ணு இருந்துச்சு ஜெனின். ரஸ்ஸல் பண்ணது.”

ஜெனின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கோபம் என்று நினைத்துக்கொண்டாள் நார்மா. நினைத்துக்கொண்டே சொன்னாள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், அந்த வசந்தத்தில், அப்பாவும் மகனும் சேர்ந்து அந்தப் பலகைகளை இறுக்கித் துளை போட்டார்கள். அதற்குப் பிறகு ரஸ்ஸல் தன் பலகையை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் தன் அறையில் தனியாக வேலை செய்தான். கொண்டுவந்து காட்டியபோது அதில் 1957 இல்லை. ஸ்டேஷனை இடித்த இடத்தில் இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான் இருந்தது. சூப்பர்மார்க்கெட், கார் நிறுத்துமிடம், புல் மூடிய தண்டவாளம், கவிழ்ந்து கிடக்கும் ஒரு தள்ளுவண்டி. கடையின் கண்ணாடிக்குப் பின்னால் விரல் நகம் அளவுக்கு ஒரு பெண், பச்சை ஓவரால் சீருடை போட்டு, பில் போடும் மேசையில்.

அந்த மேசையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள் நார்மா.

“அது நான்தான்னு பார்த்த உடனே தெரிஞ்சுது. கழுத்தைச் சாய்ச்சு வச்சிருந்தான். நான் அப்படித்தான் உட்காருவேனாம்.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“இந்த வருஷம் என் ரயிலுக்குள்ள வேணாம்னாரு. அதுக்கு அவன், ‘நானும் இந்த வருஷத்துக்காரன்தான்ப்பா’ன்னு சொன்னான்.”

மறுநாள் கிளிஃபர்ட் வேலைக்குப் போன பிறகு ஒரு நண்பனின் வேன் வந்தது. ரஸ்ஸல் பையை மட்டும்தான் எடுத்தான். பலகையை எடுத்துக் கொடுத்தது நார்மா. இதே படியில் ஒரு முனையை அவள் பிடித்து இறக்கினாள். மழை படாமல் இருக்கத் தன் போர்வையைப் போர்த்திவிட்டாள். சாயங்காலம் கிளிஃபர்ட் வந்து கேட்டபோது, ‘நான் கடைக்குப் போயிருந்த நேரத்துல எடுத்துட்டுப் போயிட்டான்’ என்று சொல்லிவிட்டாள்.

“ஏம்மா அப்படிச் சொன்ன?”

“நான் குடுத்தேன்னு சொன்னா, நான் அவன் பக்கம்னு ஆயிடும். ரெண்டு வாரத்துல ராசியாயிடுவாங்க, அப்போ சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

அந்த இரண்டு வாரம்தான் பத்தொன்பது வருடமாக நீண்டது. நம்மிடம் சொல்லாமல் தூக்கிப் போனவன் நம்மை வேண்டாம் என்று சொல்லிப் போனவன் என்று கிளிஃபர்ட் எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் வீட்டில் அந்தப் பெயரை அவர் சொன்னதில்லை. அவள் எத்தனையோ முறை வாயைத் திறந்தாள். அவர் வாயில் பெயரே வராதபோது எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆறு பலகையிலும் அவளுக்கு இடமில்லை. அவர் அவளைச் சந்தித்ததே 1968இல். அந்தப் பதினோரு வயதுப் பையனின் ஊரில் மனைவியும் இல்லை, மகனும் இல்லை. அப்படித்தான் அவள் நினைத்து மருகிக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதர் வருடத்துக்கு ஒரு நாள், இந்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு நான்கு திருகைக் கழற்றியிருக்கிறார். கீழே நார்மா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காக ஒரே வீட்டில் தனித்தனியாக ஏங்கியிருக்கிறார்கள். அவருக்கு உண்மை தெரிந்திருந்தால் ஒருவேளை பேனாவை எடுத்திருப்பார். ஒரு வரி எழுதியிருப்பார். அது தெரியாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நார்மாவுக்கு அழுகை வந்தது. கணவரின் சாவுக்கு வராத அழுகை.

அழுது முடித்ததும் எழுந்து கீழே போய், பித்தளைக்குப் போடும் பாலிஷும் ஒரு துணியும் எடுத்துவந்தாள். மண்டியிட்டு இரண்டு முளைகளையும் தேய்த்தாள்.

“பன்னிரண்டு நாளைக்குத்தானேம்மா.”

“நாளைக்கு இது எங்க இருக்குமோ.”

சட்டத்தின் பின்பக்கம், பத்தொன்பதாவது வரிக்குக் கீழே, இருபதாவது வரியை அவள் எழுதினாள்.

டாட்டர்ஸால் மேலே வந்தபோது நார்மா அந்தப் பலகையின் மேல் கை வைத்து நின்றிருந்தாள்.

“இது போக வேணாம் டெஸ். அஞ்சு போகட்டும். ஆறாவது என்கூட இருக்கட்டும்.”

அவர் காது சிவந்தது. “பிரிக்கக் கூடாது நார்மா. ஆஸ்பத்திரியில வச்சு கிளிஃபர்டுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“அது பிரிஞ்சு பத்தொன்பது வருஷமாச்சு.”

“ஃபிளாட்ல எங்கம்மா வைப்ப?” என்றாள் ஜெனின் மெதுவாக. “கட்டிலுக்கு மேலயா?”

“கட்டில் வேணாம்.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஏழாவது பலகை எந்த ஊரில் இருந்தாலும், இருக்கிறதோ இல்லையோ, அது வந்து சேர உலகத்தில் இருப்பது இந்த ஒரு முனைதான். இதையும் முன்பின் தெரியாத ஒருத்தியின் வேனில் ஏற்றிவிட்டால் அவன் எதைத் தேடி வருவான்? இந்த வீடும் புதன்கிழமைக்கு மேல் இவர்களுடையது இல்லை.

கிளெனிஸ் படியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். உள்ளே வந்தாள். பலகையைப் பார்த்தாள், முளைகளைப் பார்த்தாள், நார்மாவின் கண்ணைப் பார்த்தாள்.

“என் கராஜ் இருபத்தொன்பது அடி. ஆறு பலகைக்கு இருபத்து நாலு அடி போகும். இந்த முனையைக் கதவுப் பக்கமா வைக்கிறேன். நாலடி இடம் சும்மா கிடக்கட்டும், அங்க ஒரு வாளிகூட வைக்க மாட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை நீங்க பாலிஷ் டப்பாவோட வாங்க, கேக் சாப்பிட்டுட்டுப் போங்க.”

“அவன் பலகையில சூப்பர்மார்க்கெட் இருக்கு,” என்றாள் நார்மா. “ஆறாவது பலகையில 1957.”

“அதனால என்ன? எனக்குத்தான் வருஷம் கிடையாதே கண்ணு.”

நார்மா பலகையிலிருந்து கையை எடுத்தாள். உடனே எடுத்துவிடவில்லை. ஆனால் எடுத்தாள்.

ஆறாவது பலகையின் ஒரு முனையை அவளேதான் பிடித்துப் படியிறக்கினாள். படியின் அதே திருப்பத்தில் அதே சுவர் அவள் முழங்கையில் இடித்தது. வேன் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் தூறலில் நின்றுகொண்டே இருந்தாள். ஜெனின்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள்.

சமையலறையில் பாத்திரங்கள் பாதி பெட்டிக்குள் போயிருந்தன. மிச்சமிருந்த மூன்று கோப்பையில் தேநீர். டாட்டர்ஸாலுக்குப் பிடிக்கும் என்று இஞ்சி கேக். ரஸ்ஸலின் கதையை அவரிடமும் சொல்லியாயிற்று. அவர் இரண்டாவது துண்டை எடுக்கும்போது நார்மா சொன்னாள்.

“உங்க மடல்ல எனக்கு ஒரு விளம்பரம் போடணும் டெஸ்.”

“உங்க ரயிலுக்குத்தான் வீடு கிடைச்சுதே.”

“இது வேற. எழுதிக்குங்க. தேவை, நாலடிப் பலகை ஒண்ணு. முனையில பித்தளைத் துளை ரெண்டு. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு அளவுன்னு நீங்களே போட்டுக்குங்க, காலையில அளந்தீங்களே.”

அவர் பேனாவை எடுத்தார், எழுதினார், தயங்கினார். “பதினாலேகால் அங்குலம். இந்த அளவுல உலகத்துலயே ஒரு பலகைதான் இருக்கும் நார்மா. மடலைப் படிக்கிறவங்க நூத்தி நாப்பது பேரு. அவன் கண்ணுல எப்படிப் படும்?”

“படும்,” என்றாள் ஜெனின்.

அவள் தொட்டிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே கழுவிய கரண்டியை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

“அவன் அந்த மடலை வாங்குறான். பாத்ரூம்ல அடுக்கி வச்சிருக்கான்.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நார்மா எழுந்துபோய் அதை மூடினாள்.

“யார் பாத்ரூம்ல?”

“ஸ்டாக்போர்ட்ல இருக்கான்மா. ஆறு வருஷமா எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆபீஸ் பயிற்சின்னு போவேன்ல, அது பயிற்சி இல்ல. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். போர்வையைப் போர்த்திவிட்டது நீதான்னும் அவன்தான் சொன்னான். நீயா சொல்ற வரைக்கும் நான் எப்படிக் கேக்குறது?”

ஸ்டாக்போர்ட். காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பத்தொன்பது வருடம் அவள் அவனைக் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வைத்து ஏங்கியிருந்தாள். இவ்வளவு பக்கத்தில் வைத்து ஏங்க அவளுக்குத் தோன்றவே இல்லை. இந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு சட்டத்தைத் திருகி மூடிவைத்திருந்திருக்கிறார்கள்.

“அப்பா போனது தெரியுமா அவனுக்கு?”

“சொன்னேன். உடனே போனை வச்சுட்டான். மார்ச் மாசத்துலேருந்து போனை எடுக்கல. நேர்ல போனாலும் கதவைத் திறக்கல.”

நார்மாவுக்கு மகளைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டுவதற்கு நாளைக்கும் நேரம் இருக்கிறது. இப்போது கேட்க வேண்டியது வேறு.

“அந்தப் பலகை?”

“நடையில, சுவத்துல மாட்டி வச்சிருக்கான்.”

“கடை இருக்கா? அதுல நான் இருக்கேனா?”

“இருக்கம்மா. ஓவரால் கொஞ்சம் வெளுத்துப்போச்சு. கழுத்து அப்படியே சாஞ்சுதான் இருக்கு.”

“அந்த ரெண்டு ஓட்டை?”

ஜெனின் முதல் முறையாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

“ரெண்டுலயும் பஞ்சு அடைச்சிருக்கான். ஏன்டான்னு கேட்டேன். தூசி போயிடக் கூடாதுன்னான்.”

டாட்டர்ஸால் கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். நார்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“போன் பண்ணா எடுக்க மாட்டான். கதவைத் தட்டினா திறக்க மாட்டான். இதைப் படிப்பான். எழுதினதைப் படிங்க டெஸ்.”

அவர் படித்தார். அவள் பாதியில் நிறுத்தி இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். அவர் அதையும் எழுதி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து வாசித்தார்.

“தேவை: நான்கடிப் பலகை ஒன்று. முனையில் இரண்டு பித்தளைத் துளைகள், இடைவெளி பதினாலேகால் அங்குலம். எந்த வருடமானாலும் சரி. ஜோடி முளைகள் இருபது வருடமாக மெருகு குறையாமல் காத்திருக்கின்றன. துளைகளில் பஞ்சு இருந்தால் எடுக்க வேண்டாம், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். நார்மா.”